ஹெல்வியின் மஞ்சள் அட்டைகள்

எங்கள் ஊர் நூலகத்தில் நுழைந்ததும் வலது கைப் பக்கம் 'வாசகர் பரிந்துரை' என்று ஓர் அலமாரி உண்டு. படித்த புத்தகம் பிடித்திருந்தால் அதை அங்கே நிறுத்தி, ஒரு மஞ்சள் அட்டையில் நாலு வரி எழுதிச் செருகி வைக்கலாம். எப்போது பார்த்தாலும் அந்த அலமாரியில் பத்துப் பதினைந்து புத்தகம் இருக்கும். அதில் முக்கால்வாசி ஹெல்வி ரின்டலா வைத்தது. மீதியில் பாதி சமையல் புத்தகம்.

ஹெல்வி வைப்பதெல்லாம் நாவல்தான். எல்லா நாவலிலும் ஒரே மாதிரி ஆள்தான். யாரும் இல்லாதவன், யாரோடும் ஒட்டாதவன். மலை உச்சி வானிலை நிலையத்தில் பதினோரு வருடம் மழையை அளந்துகொண்டு கிடந்தவன். முப்பது வருடம் ஒரே மாடியில் குடியிருந்தும் அக்கம்பக்கத்துக்குப் பெயர்கூடத் தெரியாத தையல்காரி. பிறந்த ஊருக்குத் திரும்பி வந்து, அங்கே ஒருவருக்கும் தன்னை அடையாளம் தெரியாமல் நிற்கிறவன். இவர்களையெல்லாம் எங்கிருந்துதான் பொறுக்கி எடுப்பாளோ. அட்டையில் 'அருமையான நாவல்', 'அவசியம் படிக்கவும்' என்றெல்லாம் எழுத மாட்டாள். 'உங்கள் வீட்டில் இரண்டாவது நாற்காலியில் துணி குவிந்து கிடக்கிறதா? இதை எடுத்துப் போங்கள்' என்று எழுதுவாள். 'இவனை உங்களுக்குப் பிடிக்காது. நூறாவது பக்கத்துக்கு மேல் இவன் சாப்பிட்டானா என்று கவலைப்படுவீர்கள்' என்று எழுதுவாள். தையல்காரி கதைக்கு ஒரே வரி: 'படித்து முடித்ததும் மாடிப்படியில் எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லிவிடுங்கள்.'

நான் இர்யா. பேருந்து நிலையத்துக்கு எதிரே முப்பத்தெட்டு வருடமாகப் பார்லர் நடத்துகிறேன். கல்யாணத்தில் முடிகிற கதைதான் எனக்குப் பிடிக்கும். ஒரு நாவலில் இருநூறு பக்கத்துக்கு ஒருவன் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்குக் கோபம் வந்துவிடும். 'எழுந்து போய் யாரிடமாவது பேசேன்டா' என்று கத்தத் தோன்றும். இப்படிப்பட்ட நானும் ஹெல்வியும் எப்படிச் சிநேகிதிகள் ஆனோம் என்று ஊரில் பலரும் கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு முடி வெட்டியே ஆனோம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு தலையைக் கையில் பிடித்தால் சிநேகம் தானாக வந்துவிடும்.

இருபத்தேழு வயதில், மேற்குக் கடற்கரைச் சமவெளியிலிருந்து, பால் பண்ணைப் பரிசோதனைக்கூட வேலைக்காக எங்கள் ஊருக்கு வந்தவள் ஹெல்வி. பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்கிற வேலை. ஓய்வு பெறும் வரை ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை என்பார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்து நான்கு வருடம் எங்களோடு இருந்தும் கடைத்தெருவில் அவளுக்குப் பெயர் 'மேற்கத்திக்காரி'தான். எங்கள் ஊரில் ஒருவர் உள்ளூர்க்காரர் ஆவதற்கு மூன்று தலைமுறை வேண்டும். ஹெல்வியிடம் இருந்தது ஒன்றே ஒன்று.

அவளுக்கென்று ஊரில் ஓர் இடம் இருந்ததென்றால் அது நூலகத்துப் பின்னறைதான். மாதத்தின் கடைசி வியாழக்கிழமை மூன்று மணிக்கு அங்கே எங்கள் வாசகர் வட்டம் கூடும். ஏழு பேர். மதியம் பட்டாணி சூப் குடித்த வயிற்றோடு வந்து, அதற்கு மேல் காபியும் ஏலக்காய் பன்னும் சாப்பிட்டுக்கொண்டு புத்தகம் பேசுவோம். வட்டத்தை ஆரம்பித்ததே ஹெல்வி. பத்தொன்பது வருடம் ஆகிறது. அடுத்து என்ன படிக்கலாம் என்று அவள்தான் சொல்வாள். காட்டு இலாகாவில் இருந்து ஓய்வு பெற்ற யோர்மா ஒவ்வொரு மாதமும் அவளை வம்புக்கு இழுப்பார்.

"அம்மணி, இந்தத் தடவையாவது கதையில ரெண்டு பேர் இருக்காங்களா?"

"இருக்காங்க யோர்மா. ஒருத்தன் ஆறாம் பக்கத்துல செத்துடறான்."

போன வருடம் ஆகஸ்டில் ஒரு நாள் ஹெல்வி முடி வெட்டிக்கொள்ள வந்தாள். வெட்டி முடித்ததும், பின்பக்கத்தைக் காட்டுவதற்காகச் சின்னக் கண்ணாடியை எடுக்கத் திரும்பினேன். நான் எடுப்பதற்குள்ளேயே, "ம், நல்லா இருக்கு" என்றாள்.

"எதடி நல்லா இருக்கு? நான் இன்னும் கண்ணாடியே காட்டலியே."

 அவள் மெதுவாகச் சொன்னாள்.

"இர்யா, உன் பெரிய கண்ணாடியில என் ரெண்டு காதும் தெரியுது. நடுவுல நான் இல்ல."

கண்ணின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டே வருகிறதாம். ஓரம் தெரியும், நடு தெரியாது. நடப்பாள், கதவு தெரியும், கெட்டிலைப் பிடிப்பாள். எந்த எழுத்தைப் பார்க்கிறாளோ அந்த எழுத்தின் மேல் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு கறை வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு கண்ணில் வசந்த காலத்திலேயே ஆரம்பித்துவிட்டது, இப்போது இரண்டிலும். டாக்டர் இதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நான் கத்திரிக்கோலைக் கீழே வைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார்கிட்டயும் சொல்லாத" என்றாள்.

"ஏன்டி? இதுல என்ன வெக்கம்?"

"அந்த ரூம்ல எனக்குன்னு ஒரு நாற்காலி இருக்கறதே நான் படிக்கறதாலதான். படிக்க முடியலன்னு தெரிஞ்சா பாவம்னு சொல்வாங்க. பாவம்னு சொல்லிக்கிட்டே எனக்குக் காபி ஊத்துவாங்க. அதுக்கு நான் வீட்டுலயே இருந்துக்கறேன்."

என் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் சொன்னது என் கடை வாசலைத் தாண்டாது. அது என் தொழில் தர்மம். சரியென்று சொல்லிவிட்டேன். அதற்காகப் பிறகு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

பேசும் புத்தகங்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒன்றை வரவழைத்துக் கேட்டுப் பார்த்தாளாம். "யாரோ ஒரு நடிகன் எனக்காக எல்லாத்தையும் அழுதுட்டுப் போயிடறான். எனக்கு வேல இல்ல" என்று மூடி வைத்துவிட்டாள். அப்புறம் நானே படித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். செப்டம்பரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். மழை வருணனை வந்தால் தாண்டிவிடுவேன். மரம் வந்தால் தாண்டிவிடுவேன். நாலு பக்கத்துக்கு ஒரு தடவை, "இந்த மடையன் ஏன் அந்தக் கடைக்காரியக் கட்டிக்க மாட்டேங்கறான்?" என்று கேட்பேன். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவள் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நீ நல்லவ இர்யா. ஆனா படிக்கும்போதும் கையில கத்திரிக்கோல் வச்சிருக்க."

அதோடு என் உத்தியோகம் போயிற்று.

ஆனாலும் மஞ்சள் அட்டைகள் நிற்கவில்லை. பின்னட்டையில் இருக்கிற பத்து வரியைப் பூதக்கண்ணாடி வைத்து, தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்குவாள். மீதியை ஊகிப்பாள். ஆயிரம் தனியாட்களைப் படித்தவளுக்கு ஆயிரத்து ஒன்றாவது ஆளை ஊகிக்கத் தெரியாதா? தடித்த பேனாவால் பெரிய எழுத்தில் எழுதி வைப்பாள்.  பாலில் கொழுப்பைத் துளி பிசகாமல் சொன்னவள், இப்போது பாலைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் ஒரு புது நாவல் வந்தது. கோடை வீடுகள் நிறைந்த தீவொன்றில், குளிர்காலம் முழுக்க ஒற்றை ஆளாக அந்த வீடுகளுக்குக் காவல் இருக்கிறவனின் கதை. புத்தகத்தின் மேலட்டைப் படத்தில் பெரிதாக ஒரு படகு. ஹெல்வி இப்படி எழுதி வைத்தாள்: 'அவன் படகில் ஏறுகிற இடம் வரும்போது புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருங்கள்.'

அந்த மாத வட்டத்தன்று யோர்மா வரும் வழியிலேயே அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மணி, உங்களுக்கு யாரோ பதில் எழுதியிருக்காங்க. கேளுங்க."

ஹெல்வி எழுதியதற்குக் கீழே பென்சிலில் இரண்டு வரி. பெயர் இல்லை. யோர்மா சத்தமாகப் படித்தார்.

'இந்தக் கதையில் யாரும் படகில் ஏறவில்லை. படகு அட்டைப்படத்தில் மட்டும்தான் இருக்கிறது.'

இரண்டு பேர் சிரித்தார்கள். வேடிக்கை என்று நினைத்துத்தான் சிரித்தார்கள், பாவிகள். நான் ஹெல்வியைப் பார்த்தேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"யார் எழுதினது?" என்று கேட்டாள்.

எங்கள் நூலகர், சத்து என்று பெயர், நல்ல பெண். ஆனால் சட்டப் புத்தகம். "யார் எந்தப் புத்தகத்த எடுத்தாங்கன்னு நான் சொல்லக் கூடாதுங்க" என்றாள்.

ஹெல்வி காபியைக் கீழே வைத்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். கதவு வரைக்கும் எத்தனை அடி என்று அவள் மனசுக்குள் எண்ணிக்கொண்டு நடந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. நவம்பர் வட்டத்துக்கு அவள் வரவில்லை. அலமாரியில் அவளுடைய புத்தகங்கள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டுப் போயின, புதிதாக ஒன்றும் வரவில்லை. கடைசியில் ஊறுகாய் போடுவது எப்படி என்ற புத்தகமும் பின்னல் புத்தகமும் மிஞ்சின.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கம்பளிக் காலுறையோடு சமையலறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். விளக்கு எதற்கு என்றாள்.

"சத்துகிட்ட சொல்லிடு இர்யா. என் நாற்காலிய வேற யாருக்காவது குடுக்கட்டும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. யார் அந்தப் பென்சில்காரன் என்று எனக்கு அப்போதே தெரியும். அந்தக் கோடுகள் தச்சர்கள் வைத்திருக்கிற தட்டைப் பென்சிலால் போட்டவை. ஊரில் சட்டைப் பையில் அந்தப் பென்சிலோடு திரிகிறவர் ஒரே ஒருவர், ஆர்வி இன்கினென். நூலகத்துச் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டு அடுத்தவர் பிழைப்பைக் கெடுக்கிறவரும் அவர்தான்.

ஆர்வியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரிக்கு அந்தக் கரையில், சாலை முடிகிற இடத்தில் வீடு. படகு கட்டிக்கொண்டிருந்தவர். அவருடைய அப்பா அம்மா போரில் அண்டை நாட்டுக்குப் போய்விட்ட கரேலியா என்ற பகுதியிலிருந்து ஒரு மாட்டோடும் ஏழு பெண்களோடும் வந்து சேர்ந்தவர்கள். வந்த இடத்தில் பிறந்தவர் ஆர்வி. கரேலியாக்காரர்கள் வாய் ஓயாதவர்கள் என்பார்கள். ஆர்வியின் பங்கையும் அக்காமார் ஏழு பேரும் சேர்ந்து பேசித் தீர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமை, நூலகத்துக்கு வருவார். ஹெல்வி பரிந்துரைத்த புத்தகம் எதுவோ அதை எடுப்பார். செய்தித்தாள் மூலையில், பின்னறைக் கதவுக்கு நேர் எதிரே இருக்கிற நாற்காலியில் உட்காருவார். கதவு எப்போதும் திறந்தேதான் இருக்கும். நாங்கள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும். ஆறு மணிக்கு எழுந்து போய்விடுவார். பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

ஒருநாளும் நாங்கள் அவரைத் தொந்தரவு செய்ததில்லை. அதில் எங்களுக்குப் பெருமைகூட.

டிசம்பர் முதல் வியாழக்கிழமை கடையைப் பாதியில் பூட்டிவிட்டுப் போய், நேராக அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பது யாராவது உட்காருவதற்காக அல்ல. அவர் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நான் அதைக் கீழே இறக்கினேன்.

"ஏங்க இன்கினென், படகு கட்டின கைக்கு இப்ப ஆள் மனசுல ஓட்ட போடற வேலயா?"

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார், இல்லை எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அவங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். தொண்டை கரகரவென்று இருந்தது. பேசிப் பழக்கம் விட்டுப்போன தொண்டை.

"நீங்க எழுதினதுதான் ஆச்சு."

"இல்ல. அதுக்கு முன்னாடியே. ரெண்டு மாசமா அட்டையில ஏதோ சரியா இல்ல. பத்தொன்பது வருஷமா அவங்க சொன்ன எல்லாத்தையும் படிச்சிருக்கேன். ஒரு வார்த்த தப்பா எழுதினதில்ல. திடீர்னு இல்லாத படக எழுதறாங்க. ஒடம்புக்கு ஏதோன்னு பயந்துட்டேன்."

"பயந்தா வந்து கேக்கறதுக்கென்ன?"

"அவ்வளவு பழக்கம் இல்லியே. அதான் எழுதினேன்."

அட கடவுளே. நலம் விசாரிக்கிற கடிதமாம் அது. 'சௌக்கியமா இருக்கிறீர்களா' என்று கேட்பதற்கு ஒரு மனிதனுக்குக் கிடைத்த வழியைப் பாருங்கள். சிரிப்பதா, செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் போன இடத்தில் வேறு ஒரு கேள்வி வந்தது.

"நாங்க பேசறதத்தான் இத்தன வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கீங்க. ஒரு தடவ உள்ள வந்து உக்காந்தா என்ன?"

"கூப்பிட்டாங்க."

"யாரு?"

"ஹெல்விதான். ஆரம்பிச்ச வருஷம். 'உள்ள வாங்க, காபி இருக்கு'ன்னு கதவுகிட்ட வந்து கூப்பிட்டாங்க."

"அதுக்கு?"

"'வேண்டாங்க, நான் இங்கயே இருக்கேன்'னேன்."

"அப்புறம்?"

அவர் பென்சிலைப் பையிலிருந்து எடுத்து மறுபடி பையில் வைத்தார்.

"மறுபடி கூப்பிடுவாங்கன்னு இருந்தேன்" என்றார்.

அவர்கள் வீட்டு வழக்கம் அது. வந்தவரிடம் முதல் தடவை கேட்பது சும்மா மரியாதைக்கு. கேட்டவுடனே சரியென்று சொல்கிறவன் காணாததைக் கண்டவன். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவைதான் உண்மையாகக் கூப்பிடுவது, அப்போதுதான் எழுந்து போக வேண்டும். அக்காமாருக்குக் கல்யாணம் பேச வந்தவர்கள்கூட மூன்று தடவை கேட்ட பிறகுதான் கோப்பையைத் தொட்டார்களாம். அப்படி வளர்ந்த மனிதர், திறந்த கதவுக்கு எதிரே, இரண்டாவது அழைப்புக்காகப் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருக்கிறார். நாங்களோ, கேட்டாயிற்று, அவர் வேண்டாமென்றாயிற்று, இனிக் கேட்டால் அநாகரிகம் என்று காபி குடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அடுத்தவர் தனிமையில் கை வைக்கக் கூடாது என்று எங்களுக்கு இருக்கிற கண்ணியம் இருக்கிறதே, அதை வைத்தே ஒரு ஆளைப் பட்டினி போட்டுக் கொன்றுவிடலாம்.

கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமல் வெளியே வந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் நின்று கொஞ்சம் அழுதேன். பிறகு ஹெல்வி வீட்டுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"வேண்டாம்னாரே இர்யா."

"வேண்டாம்னா அவங்க வீட்டுல 'இன்னொரு தடவ கேளு'ன்னு அர்த்தமாம்."

"எங்க பக்கத்துல ஒருத்தன் வேண்டாம்னா அது கல்வெட்டு. ரெண்டாவது தடவ கேட்டா, என் மனசு எனக்குத் தெரியாதான்னு சண்டைக்கு வருவான். நான் மரியாதைன்னு நெனச்சு..." அவள் நிறுத்தினாள். "எதிர்லயே இருந்தாரே. எத்தன பேரப் பத்திப் படிச்சேன். எத்தன பேரப் பத்தி எழுதினேன். அடுத்தவங்களுக்கெல்லாம் மாடிப்படியில வணக்கம் சொல்லுன்னு புத்தி சொன்னேன். பத்தடி தூரத்துல ஒருத்தர் இருந்தது எனக்குத் தெரியலியே. அப்ப என் கண்ணு நல்லாத்தானே இருந்துது."

அவளை அழவிட்டேன். இத்தனை வருடச் சிநேகிதத்தில் அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட அடுத்த கேள்வி வட்டத்தைப் பற்றியும் அல்ல, நாற்காலியைப் பற்றியும் அல்ல.

"படகு நெஜமாவே இல்லியா அந்தக் கதையில?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் மரத்தையே தாண்டறவ."

டிசம்பரில் கிறிஸ்துமஸ் வருவதால் வட்டத்தை ஒரு வாரம் முன்னால் வைப்போம். எல்லா ஜன்னலிலும் மெழுகுவர்த்தி. மூன்று மணிக்கே வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் ஆறு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். யோர்மா ஏலக்காய் பன்னைத் தொடவில்லை. அக்டோபரில் தான் ஏதோ செய்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்திருந்தது. என்னவென்று புரியாமல் மனுஷன் இரண்டு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தார். வாசல் மணி அடித்தது. ஹெல்வி வந்தாள். பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டு, பின்னறைக்கு வராமல் செய்தித்தாள் மூலைக்குப் போனாள்.

கதவு திறந்திருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது.

"இன்கினென்."

ஆர்வி எழுந்து நின்றுவிட்டார்.

"எனக்குக் கண்ணு போயிடுச்சு. ஓரம் தெரியுது, எழுத்து தெரியல. அட்டைப்படத்துல படகு தெரிஞ்சுது, அதான் எழுதினேன்." குரலைத் தாழ்த்திக்கொள்ளவே இல்லை. உள்ளே இருக்கிற எங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. யோர்மா தலையைக் குனிந்துகொண்டார். "எனக்குப் படிச்சுக் காட்டறீங்களா?"

"நானா?" என்றார் ஆர்வி. "வேண்டாங்க. நான் அவ்வளவு படிச்சவன் இல்ல."

எனக்கு உயிரே போய்விட்டது. மேற்கத்திக்காரிக்கு ஒரு 'வேண்டாம்' போதும். திரும்பி வாசலுக்கு நடந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் கை நாற்காலி முதுகைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள் மறுபடி.

"என் தொண்ட சரியில்லைங்க. சத்தம் போட்டுப் பேசியே ரொம்ப நாளாச்சு. கேக்க நல்லா இருக்காது."

காபி மெஷின் கடகடவென்று ஏதோ செய்தது.  என் வாழ்நாளில் நான் பார்த்த கல்யாணங்களில்கூட ஒரு பதிலுக்காக இப்படிக் காத்திருந்ததில்லை.

"இன்கினென்," என்றாள் ஹெல்வி, "எங்க ஊர்ல ஒருத்தி ஒரே விஷயத்த மூணு தடவ கேட்டான்னா அவளுக்கு மானம் இல்லன்னு அர்த்தம். நான் மூணாவது தடவ கேக்கறேன். எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

 ஆர்வி பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டார், அவள் உட்காருவதற்காக.

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"மொத பக்கத்துலேர்ந்து. எதையும் விட்டுடாதீங்க. நான் ஒண்ணுமே படிக்கல."

சத்து ஓடிப்போய் அந்தத் தீவுக் காவல்காரன் கதையை எடுத்து வந்து கொடுத்தாள். ஆர்வி படிக்க ஆரம்பித்தார். முதல் அரைப் பக்கத்தில் நாலு தடவை தொண்டையைச் செருமினார். கமாவில் நிற்பார், முற்றுப்புள்ளியில் நிற்காமல் போய்விடுவார். மழை வந்தது, மரம் வந்தது, ஒன்றையும் தாண்டவில்லை. ஹெல்வி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னறையில் நாங்கள் ஆறு பேரும், காபி ஆறிப்போனது தெரியாமல், முதல் அத்தியாயம் முடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். எனக்கே கதை பிடித்திருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் யோர்மாதான் எழுந்தார். கதவுவரை போய், "ரெண்டு பேரும் உள்ள வாங்க, புதுசா காபி போடறேன்" என்றார்.

"வேண்டாங்க" என்றார் ஆர்வி.

"வாங்கன்றேன்ல!" என்று உள்ளேயிருந்து ஆறு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். நூலகத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்புறம் செவ்வாயும் வெள்ளியும் ஹெல்வியின் சமையலறையில் வாசிப்பு. படித்ததைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம் என்று அவளே சொன்னாள். அந்தக் காவல்காரன் கரைக்கு வராமலிருப்பது கர்வத்தாலா பயத்தாலா என்று இரண்டு வாரம் பேசவில்லையாம். பேசாமல் படித்தார்களாம். அவளுக்குக் கண் திரும்பவில்லை. ஓரமும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டுதான் வருகிறது. முடி வெட்டும்போது இப்போதெல்லாம் கண்ணாடி காட்டுவதில்லை, கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்துச் சொல்கிறாள். ஆனால் ஆர்விக்குத் தொண்டை தெளிந்துவிட்டது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் அவரே முதலில் வணக்கம் சொல்கிறார்.

மார்ச்சில், ஏரி இன்னும் உறைந்து கிடக்கும்போது, பரிந்துரை அலமாரியில் ஊறுகாய்ப் புத்தகத்துக்குப் பக்கத்தில் அந்த நாவல் திரும்ப வந்து நின்றது. அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதியிருந்தார், தட்டைப் பென்சிலால். படகைப் பற்றி ஒன்றும் இல்லை. இரண்டே வரி.

'இவன் கடைசி வரை தனியாகத்தான் இருக்கிறான். நாங்கள் இரண்டு பேர் கூடவே இருந்தோம்.'